எதிராளியின் ஜாதகம்

எதிராளி ஜெயிக்கத் தொடங்கிவிட்டால் போதும், நம் ரசிகப் பெருமக்களுக்குச் சரித்திர ஞானம் பொங்கிக்கொண்டு வந்துவிடுகிறது. போன வாரம் நம் அணி எத்தனை ரன் எடுத்தது என்று கேட்டால் தலையைச் சொறிகிறவர், எதிராளி பதினேழு வருஷமாகத் தோற்ற கதையை வருஷவாரியாக ஒப்பிக்கிறார். கண்ணெதிரே ஒருவன் ஓடிக்கொண்டிருக்கிறான்; இவரோ அவனுடைய பாட்டனார் தடுக்கி விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாடி பிடித்துப் பார்க்க வேண்டிய இடத்தில் ஜாதகம் பார்க்கிற இந்த வழக்கத்தைப் பற்றித்தான் நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். கிரிக்கெட்டில் ருசி இல்லாத வாசகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். விஷயம் கிரிக்கெட்டோடு நிற்கிற விஷயம் அல்ல.

2025-ஆம் வருஷம் மார்ச்சு மாதக் கடைசியிலிருந்து ஏப்ரல் பாதி வரை, கள்ளக்குறிச்சியில் இந்த ஜாதக வாசிப்பைத் தினந்தோறும் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஐ.பி.எல். என்கிற அந்த இரண்டு மாதத் திருவிழாவில் பெங்களூர் அணி எடுத்த எடுப்பிலேயே ஓங்கி நின்றது. மார்ச்சு 22-ஆம் தேதி கல்கத்தாவுக்குப் போய், முந்தைய வருஷத்துச் சாம்பியனை அதன் சொந்த மைதானத்திலேயே 7 விக்கெட்டில் வீழ்த்தியது. 28-ஆம் தேதி நம் சேப்பாக்கத்துக்கு வந்து, நம்மை 50 ரன்னில் வீழ்த்தியது. அதற்கு முன் அவர்கள் சேப்பாக்கத்தில் நம்மை ஜெயித்தது 2008-ஆம் வருஷம் மே மாதத்தில். அன்று தொட்டிலில் கிடந்த குழந்தை பிளஸ் டூ வகுப்புக்கு வந்துவிட்டது!

நான் சென்னைக் கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் என் கட்சியைச் சந்தேகிக்க வேண்டாம். 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து தடவை கோப்பை வந்தபோதும் கைக்காசு போட்டு மிட்டாய் வாங்கிக் கொடுத்தவன். ஆனால் சென்னைக் கட்சிக்காரன் என்பதற்காகக் கண்ணை அவித்துக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் சொல்லவில்லை.

எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு டெலிவிஷன் உண்டு. ஆளுக்கொரு கைபேசி வந்துவிட்ட காலத்திலும் ஆட்டத்தை மட்டும் கூடி உட்கார்ந்துதான் பார்க்கிறோம். தனியாகத் திட்டினால் ருசிப்பதில்லை. அரிசி மில் கணக்கர் ஒருவர், பஸ் கண்டக்டர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர், பிறகு கதை எழுதுகிற நான். 28-ஆம் தேதி இரவு எல்லாரும் இருந்தோம்.

அன்று நடந்தது இதுதான். பெங்களூர் 20 ஓவரில் 196 ரன் எடுத்தது. அவர்களுடைய காப்டன் ரஜத் பட்டிதார் 51 ரன் அடித்தார். அவர் கொடுத்த காட்சை நம்மவர்கள் மூன்று தடவை நழுவவிட்டார்கள். கடைசி ஓவரில் டிம் டேவிட் மூன்று சிக்ஸர் தூக்கினார். பிறகு நாம் ஆடப் புகுந்தோம். ஆஸ்திரேலியர் ஹேசல்வுட் தம்முடைய முதல் ஓவரிலேயே திரிபாதியையும் ருதுராஜையும் திருப்பி அனுப்பினார். ஆறு ஓவர் முடிந்தபோது நம் கணக்கு 30 ரன், 3 விக்கெட். பந்தயம் அங்கேயே முடிந்துவிட்டது. பாக்கிப் பதினாலு ஓவரும் சம்பிரதாயம். 146-இல் போய் நின்றோம்.

இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கடையில் பேசப்பட்டது என்ன என்று நினைக்கிறீர்கள்? தோனி சால்ட்டை ஸ்டம்பு செய்த வேகம்! ஒன்பதாவது ஆளாக இறங்கி, எல்லாம் கைவிட்டுப் போன பிறகு, கடைசி ஓவரில் அவர் அடித்த இரண்டு சிக்ஸர்!

“அந்த ரெண்டு சிக்ஸர் போதும் சார், டிக்கெட் காசு வந்துருச்சு” என்றார் கணக்கர். அவர் டிக்கெட் வாங்கவில்லை. டீக்குக்கூடக் கணக்குதான்.

தோனியிடம் எனக்குள்ள மதிப்பு யாருக்கும் குறைந்தது அல்ல. ஸ்டம்பிங் அற்புதம், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் திருடன் புகுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்று, வாசல் கோலம் அழகாக இருந்தது என்று பேசிக்கொண்டிருப்பதா? ஹேசல்வுட் பந்தை எங்கே போட்டார் என்று யாருமே கேட்கவில்லை. நின்று நின்று வருகிற அந்த ஆடுகளத்தில், ஆட்டக்காரன் முன்னங்காலில் போகவும் முடியாமல், பின்னங்காலில் நிற்கவும் முடியாமல் தவிக்கிற ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில், தபால் பெட்டியில் கடிதம் போடுவது போல, அந்த மனிதர் போட்டுக்கொண்டே இருந்தார். நம் ஊர் மண்ணின் குணத்தை நம்மைவிட அயலூரான் தெரிந்துகொண்டு வந்திருக்கிறான். இதைவிட ஒரு ரசிகனுக்கு என்ன சேதி வேண்டும்?

நான் இதை எடுத்துச் சொன்னேன். உடனே ஜாதகக் கட்டு அவிழ்ந்தது.

“பெங்களூர்க்காரன் வருஷா வருஷம் ஆரம்பத்திலே இப்படித்தான் துள்ளுவான் அண்ணே. கப்பு மட்டும் கெடைக்காது” என்றார் கண்டக்டர். கல்லூரிப் பிள்ளைகள், பெங்களூர் ரசிகர்கள் வருஷந்தோறும் முழங்குகிற ‘ஈ சாலா கப் நம்தே’ என்ற கோஷத்தை - இந்த வருஷம் கோப்பை நமதே என்று அர்த்தம் - கேலிக் குரலில் பாடினார்கள். கடை முழுவதும் சிரிப்பு.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜாதகமும் தப்பு. அதற்கு முந்தின 2024-ஆம் வருஷத்தில் அதே பெங்களூர் முதல் எட்டுப் பந்தயங்களில் ஏழைத் தோற்றது. பிறகு வரிசையாக ஆறு பந்தயம் ஜெயித்து, ஆறாவதாக நம்மையே மே 18-ஆம் தேதி தோற்கடித்து வெளியே தள்ளியது. ஆரம்பத்தில் துள்ளி முடிவில் விழுகிற அணி என்றால், அந்த வருஷக் கதை நேர்தலைகீழ். வெளியே தள்ளப்பட்டவர்கள் நாம்தான். நமக்கே அது பத்து மாதத்தில் மறந்துபோயிற்று. கேலிக்கு ஞாபகம் எதற்கு?

சிலர் நியாயமாக ஒரு கேள்வி கேட்கலாம். “நாலு பந்தயம் ஜெயித்ததை வைத்து ஓர் அணியை எடை போட முடியுமா?” முடியாதுதான்; எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒருபோதும் முடியாது. அதற்கு எத்தனை அத்தாட்சி வேண்டுமானாலும் நானே தருகிறேன். 2014-இல் பஞ்சாப் முதல் ஐந்தையும் ஜெயித்தது. கோப்பை போனது கல்கத்தாவுக்கு. அந்தக் கல்கத்தா முதல் ஏழில் இரண்டுதான் ஜெயித்திருந்தது. 2015-இல் மும்பை முதல் நாலையும் தோற்றுவிட்டு, கடைசியில் கல்கத்தா மைதானத்தில் நம்மை 41 ரன்னில் அடித்துக் கோப்பையை எடுத்துக்கொண்டது. 2024-இல் ராஜஸ்தான் ஒன்பதில் எட்டு ஜெயித்தது. பிறகு அடுத்தடுத்து நாலு தோல்வி. ஏன், நம் கதையே இருக்கிறதே! 2010-இல் நாம் முதல் ஏழில் ஜெயித்தது இரண்டே இரண்டு. அந்த வருஷந்தான் நம் முதல் கோப்பை.

ஆகவே எண்ணிக்கை பேசாது என்பது வாஸ்தவம். அதற்காக ஆட்டமும் பேசாது என்று முடிவு கட்டிவிடலாமா? எத்தனை ஜெயித்தான் என்பது ஒரு கேள்வி. எப்படி ஜெயித்தான் என்பது வேறு கேள்வி. நம்மவர்கள் முதல் கேள்விக்குப் பதில் இல்லை என்று காட்டிவிட்டு, இரண்டாவது கேள்வியைக் கேட்காமலே எழுந்து போய்விடுகிறார்கள்.

இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தெரியாதவர்களா இவர்கள்? அதுதான் எனக்கு ஆத்திரம். நன்றாகத் தெரியும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் கல்வராயன் மலை. மேலே வெள்ளிமலை. பொங்கலை ஒட்டி மலையிலும் அடிவாரத்து ஊர்களிலும் கபடிப் பந்தயங்கள் நடக்கும். மரவள்ளிக் காட்டை அடுத்த ஏதாவது ஒரு வெற்று நிலம், சுண்ணாம்புக் கோடு, நாலு குழல் விளக்கு, கரகரக்கிற ஒலிபெருக்கி, மேஜைமேல் வரிசையாகக் கோப்பைகள். டீக்கடையில் பாட்டுப் பாடுகிற அதே பிள்ளைகளில் இரண்டு பேர் அங்கே ஆடுகிறவர்கள். ஒரு வருஷம் அவர்களோடு நானும் போயிருந்தேன்.

வெளியூர் அணி ஒன்று முதல் பந்தயத்தில் எதிராளியைத் துவைத்து எடுத்துக்கொண்டிருந்தது. நம் பிள்ளைகள் மறுநாள் அந்த அணியோடு மோத வேண்டும். அவர்கள் கோட்டு ஓரத்தில் குந்தியிருந்தார்கள். கேலி இல்லை, பாட்டு இல்லை. பேங்கு ஆடிட்டர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். பாடிப் போகிற ஓர் உயரமான பையன் தொட்ட இடமெல்லாம் புள்ளி எடுத்துக்கொண்டிருந்தான். கூட்டம் அவனுக்காகக் கத்தியது. மலைக்காரப் பெரியவர் ஒருவர், அந்தக் காலத்தில் நல்ல பிடிகாரராக இருந்தவராம், பிள்ளைகளுக்குப் பின்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார்.

“பாடிப் போறவனை விடுடா தம்பி. அவனைத்தான் ஊரே பாக்குதே. எடது மூலையிலே ஒருத்தன் சும்மா நிக்கிறான் பாரு, அவன் கையைப் பாரு” என்றார்.

“ஆமாம் மாமா, கணுக்காலுக்குத்தான் போறான்.”

“எப்பப் போறான்?”

“திரும்புறப்ப.”

“அதைப் புடிச்சுக்க. அந்த நெட்டையன் வெளியே போனப்புறம் மத்தவனுங்க என்ன பண்றானுங்கன்னு பாரு. அதான் அவனுங்க பலம்.”

பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். அந்த அணி அதற்கு முன் தங்கள் ஊரில் மூன்று கோப்பை வாங்கியதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பெரியவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “அவனவன் வூட்டு மண்ணுலே அவனவன் ராசாதான். இங்கே வந்து, குளிருலே, தெரியாத மண்ணுலே, காலு வழுக்காம நிக்கிறான் பாரு, அதான் கணக்கு.”

கிரிக்கெட்டைப் பற்றி அடுக்கடுக்காக எழுதுகிற நிபுணர்கள் பலரைப் படித்திருக்கிறேன். இதற்கு மேல் அவர்களும் ஒன்றும் சொன்னதில்லை. தெரியாத மண்ணில் நிற்கிறானா? ஒரு கை ஓய்ந்தால் மறு கை எழுகிறதா? இந்த இரண்டு படிக்கல்லையும் தராசில் வைத்துப் பெங்களூரை நிறுத்துப் பார்த்திருந்தால், ஏப்ரல் நடுவிலேயே எடை தெரிந்திருக்கும்.

அவர்கள் முதலில் ஜெயித்த நாலு பந்தயங்களும் அயலூரில். கல்கத்தா, சென்னை, மும்பை, ஜெய்ப்பூர். மும்பை வான்கடே மைதானத்தில் அவர்கள் ஜெயித்து 10 வருஷம் ஆகியிருந்தது. ஏப்ரல் 7-ஆம் தேதி 12 ரன்னில் ஜெயித்தார்கள். அதே சமயத்தில் சொந்த ஊரான பெங்களூரில் குஜராத்திடமும் டில்லியிடமும் பஞ்சாபிடமும் அடுத்தடுத்து மூன்று தோல்வி. டீக்கடையில் இதற்குத்தான் எத்தனை கொண்டாட்டம்! “சொந்த வூட்டிலே சோறு கெடைக்காதவன்” என்று ஒரு பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். எனக்கோ வயிற்றைக் கலக்கியது. சின்னசாமி மைதானம் சிறியது, மட்டைக்காரர்களின் சொர்க்கம். அங்கே அடித்து நொறுக்கிவிட்டு வெளியூரில் விழுவதுதான் பெங்களூரின் பழைய வியாதி. அந்த வியாதிதான் தீர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? வீட்டில் தோற்று வெளியே ஜெயிக்கிறவன், வீட்டிலும் ஜெயிக்கக் கற்றுக்கொண்டுவிட்டால் அப்புறம் அவனை யார் பிடிப்பது? அந்தப் பருவத்தில் அவர்கள் வெளியூரில் ஆடிய லீக் பந்தயங்கள் ஏழு, ஏழையும் ஜெயித்தார்கள். ஐ.பி.எல். சரித்திரத்தில் அதற்கு முன் எந்த அணியும் செய்யாத காரியம் அது.

மறு கை விஷயத்துக்கு வருவோம். கல்கத்தாவில் குருணால் பாண்டியாவின் பந்து வீச்சு; சேப்பாக்கத்தில் பட்டிதாரின் மட்டை, ஹேசல்வுட்டின் பந்து; ஜெய்ப்பூரில் சால்ட். பருவம் முடிந்தபோது ஒன்பது வெவ்வேறு ஆட்டக்காரர்கள் ஆட்ட நாயகர் பரிசு வாங்கியிருந்தார்கள். விராட் கோலியும் 657 ரன் குவித்தார். ஆனால் அவர் விழுந்தால் கூரையே விழுந்துவிடும் என்ற பழைய நிலை போய்விட்டது. இது தற்செயலாக வந்ததும் அல்ல. 2024 நவம்பரில் ஜெத்தா நகரில் ஏலம் நடந்தபோது அவர்கள் ஹேசல்வுட்டுக்கு 12.50 கோடி, புவனேசுவர் குமாருக்கு 10.75 கோடி, குருணாலுக்கு 5.75 கோடி, டிம் டேவிட்டுக்கு 3 கோடி என்று கணக்கோடு பிரித்துப் போட்டார்கள். பெரிய பெயர்களை விட்டுவிட்டார்களே என்று அன்றைக்கும் எங்கள் டீக்கடை கைகொட்டியது. பெண் பார்க்கப் போன இடத்தில் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கிற பாட்டி போல, அவர்கள் தங்களுக்கு வேண்டியதைப் பார்த்து வாங்கினார்கள்.

அதே பருவத்தில் இன்னொரு பக்கம் பாருங்கள். மார்ச்சு 23-ஆம் தேதி ஐதராபாத் தன் சொந்த மைதானத்தில் 286 ரன் அடித்தது. அப்பப்பா! அன்று எங்கள் கடையில் அந்த அணிக்குக் கிடைத்த மரியாதை பெங்களூருக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை. 300 அடிக்கப் போகிறார்கள் என்று கல்லூரிப் பிள்ளைகள் நாள் குறித்தார்கள். அடுத்த நாலு பந்தயத்தையும் வரிசையாகத் தோற்று, முடிவில் ஆறாம் இடத்தில் நின்றது ஐதராபாத். சொந்த வீட்டுக் கல்யாணத்தில் பாடினவரைச் சங்கீத வித்துவான் என்று நம்பியதன் பலன்.

“டில்லி?” என்று நீங்கள் மடக்கலாம். டில்லி அந்த வருஷம் முதல் நாலையும் ஜெயித்தது. அதில் இரண்டு, சேப்பாக்கத்திலும் பெங்களூரிலும் ஜெயித்தவை. தெரியாத மண்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டையும் தூக்கி நிறுத்தியவர் ஒரே ஆள். சென்னையில் ராகுல் 77, பெங்களூரில் ராகுல் 93. முதல் பந்தயத்தில் லக்னோவை ஜெயித்ததோ கடைசி விக்கெட்டில், மூன்று பந்து பாக்கி இருக்கையில், அசுதோஷ் சர்மா என்ற வாலிபர் பூதம் போல அடித்ததனால். ஒற்றைத் தூணில் நின்ற மண்டபம். ஐந்தாம் இடத்தில் முடிந்தது. மலைக்காரப் பெரியவர் ஒரு பார்வையில் சொல்லியிருப்பார்.

இவ்வளவு தெளிவான கண்ணை மலையில் வைத்திருக்கிற பிள்ளைகள், டீக்கடை டெலிவிஷனுக்கு முன் வந்ததும் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது ஏன்? காரணம் எளிது. கபடியில் மறுநாள் அந்த மூலைக்காரனிடம் தன் கணுக்காலைக் கொடுக்க வேண்டியவன் அவன். அலட்சியம் செய்தால் அடிபடுவது தன் உடம்பு. இங்கே அடிபடப் போகிறவர் யாரோ ருதுராஜ். இவனுக்கு வாய் மட்டும்தான் செலவு. எதிராளியைக் கேலி செய்வது வீரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மோத வேண்டிய அவசியம் இல்லாதவனுக்குக் கிடைக்கிற சொகுசு அது.

இந்தச் சொகுசு ரசிகனோடு நின்றால்கூடப் பாதகமில்லை. இரண்டு மாதம் ஊரே சேர்ந்து “நமக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் கதை தெரியாதா?” என்று தாலாட்டுப் பாடினால், தூங்குகிறவர்கள் நன்றாகத்தான் தூங்குவார்கள். மார்ச்சு 28-இல் தொடங்கி ஏப்ரல் 11 வரை நாம் வரிசையாக ஐந்து பந்தயம் தோற்றோம். அதில் மூன்று சேப்பாக்கத்திலேயே. பத்து அணிகளில் பத்தாவதாக முடிந்தோம். சென்னை அணி கடைசி இடத்தைக் கண்டது அதுவே முதல் தடவை. மே 3-ஆம் தேதி பெங்களூரில் நடந்த மறு பந்தயத்தில் 2 ரன்னில் தோற்றபோது, கடை முழுவதும் அம்பயரைப் பிடித்துக்கொண்டது. பிரெவிசுக்கு அப்பீல் செய்ய நேரம் கொடுக்கவில்லை என்று மூன்று நாள் விசாரணை. வழக்கில் நியாயம் இருக்கலாம். ஆனால் அதே பந்தயத்தில் ஷெப்பர்டு என்பவர் 14 பந்தில் 53 ரன் அடித்தார். நம் பந்துவீச்சாளரின் ஒரே ஓவரில் 33 ரன் போயிற்று. அதற்கு எந்த அம்பயர் பொறுப்பு? 17 வயசுப் பையன் ஆயுஷ் மாத்ரே நமக்காக 94 ரன் அடித்தானே, அவனைப் பற்றிக்கூட அம்பயரைத் திட்டி ஓய்ந்த பிறகுதான் பேச நேரம் கிடைத்தது.

இன்னொரு கட்சி வாதம் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் என் மனம் ஆறாது. என் கட்சியைச் சந்தேகித்த கணக்கர் ஒரு நாள் குரலைத் தாழ்த்தி, “தண்ணி குடுக்காதவனுக்கு நீங்க வக்காலத்து வாங்குறீங்களே சார்” என்றார். கேட்டுத் திடுக்கிட்டேன். கணக்கருக்குச் சொந்தமாக இரண்டு ஏக்கர் நஞ்சை உண்டு. அந்த நஞ்சையில் காவிரித் தண்ணீர் ஒரு சொட்டு விழுந்ததில்லை, விழவும் வழியில்லை. கல்வராயன் மலையில் பிறந்து வருகிற கோமுகிதான் அதற்குத் தாய். போகட்டும், தஞ்சாவூர் விவசாயிக்காக அவர் நெஞ்சு பொறுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தண்ணீர் வழக்கு பெரிய வழக்கு. ஜனங்களின் சோற்று வழக்கு. 2018 ஏப்ரலில் காவிரிக் கிளர்ச்சியின் சூட்டில் சென்னை அணியின் பந்தயங்களே புனேக்குப் போக நேர்ந்தது. அன்று கிளர்ச்சி செய்தவர்களை ஒத்துக்கொள்ளலாம், ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். நம் கணக்கரோ, ஒரு பந்தைத் தூக்கி அடித்துவிட்டால் அணையில் மதகு திறந்துவிடும் என்று நினைக்கிறார். சேப்பாக்கத்தில் அன்று நம் பக்கம் ஆடிய தமிழகத்து ஆட்டக்காரர் அசுவின் ஒருவர்தான். அவர்கள் பக்கம் கர்நாடகத்துக்கு ஆடுகிறவர் தேவதத் படிக்கல் ஒருவர்தான். பாக்கிப் பேரெல்லாம் ராஞ்சி, புனே, இந்தூர், டில்லி, ஆப்கானிஸ்தானம், ஆஸ்திரேலியா. இவர்களில் காவிரியைப் பங்கு போட வேண்டியவர் யார் என்று எனக்குப் புரியவில்லை.

இந்தக் கேலி எங்கே போய் முடிகிறது என்று பார்த்தேன். ஜூன் 3-ஆம் தேதி ஆமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் வென்று, பதினெட்டாவது பருவத்தில் பெங்களூர் தன் முதல் கோப்பையை எடுத்துக்கொண்டது. மறுநாள் பெங்களூர் சின்னசாமி மைதானத்தின் வாசலில், வெற்றி விழா பார்க்க வந்த கூட்டத்தின் நெரிசலில் 11 பேர் செத்துப் போனார்கள். செய்தி டெலிவிஷனில் ஓடிக்கொண்டிருக்கையிலேயே எங்கள் கடையில் ஒருவர், படித்தவர், நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவர், “பதினெட்டு வருஷம் கழிச்சு வந்த கப்பு இல்லே? காவு கேக்குது” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போயிருக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் யார் பிள்ளை நின்றது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நம் பிள்ளை ஒருவரும் நிற்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அது சிரிக்கிற செய்தியா? டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன். ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை.

சேப்பாக்கத்துக்கு வேறு ஒரு பெயர் இருந்தது. 1999-ஆம் வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி பாகிஸ்தான் அங்கே நம்மை 12 ரன்னில் தோற்கடித்தது. டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 ரன் அடித்தும் பந்தயம் கைநழுவிப் போயிற்று. எனக்கு அப்போது மீசை முளைக்கிற வயசு. டெலிவிஷனில் பார்த்து அழுதேன். மைதானத்தில் இருந்த ஜனங்களோ எழுந்து நின்று பாகிஸ்தான் ஆட்டக்காரர்களுக்குக் கை தட்டினார்கள். அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் நம்மவர்கள் “எவ்வளவு பெரிய மனசு!” என்று பெருமைப்படுகிறார்கள். மனசு பெரியதுதான். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அவர்களுடைய கண். நாலு நாள் வெயிலில் உட்கார்ந்து, சக்லைன் முஷ்டாக் ஒவ்வொரு பந்தையும் எப்படித் திருப்பினார் என்று பார்த்திருந்தார்கள். பார்த்தவனுக்குத்தான் எழுந்து நிற்கத் தோன்றும். பார்க்காதவன் எழுந்து நின்றால் அது வெறும் உபசாரம்.

இதையெல்லாம் அடுத்த தடவை கடையில் சொன்னபோது, மலையில் கபடி ஆடுகிற அந்தக் கல்லூரிப் பிள்ளை கொஞ்சம் சங்கடத்தோடு, “அப்ப இனிமே பெங்களூருக்கும் கை தட்டணுங்கிறீங்களா, சார்?” என்று கேட்டான்.

“தட்ட வேண்டாம் தம்பி. நானும் தட்டப் போவதில்லை. அவர்கள் சேப்பாக்கத்துக்கு வந்து நல்ல வித்தியாசத்தில் தோற்றுப் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதனால்தான் கேட்கிறேன். அன்றைக்கு ஹேசல்வுட் ருதுராஜுக்குப் போட்டாரே, அந்தப் பந்து எங்கே விழுந்தது?”

அவன் யோசித்தான். பக்கத்திலிருந்த சிநேகிதனைப் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை. தோனி அடித்த இரண்டு சிக்ஸரும் எந்தப் பக்கம் போய் விழுந்தன என்பது மட்டும் இருவருக்கும் தெரிந்திருந்தது.